அத்தை கூப்பிட்டால் வரும் மயக்கம்

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. அந்த ஓரத்தில் இருக்கிறவங்களும் இப்படி வாங்க, இடம் இருக்கு. இன்றைக்கு நான் சொல்லப்போவது ஒரு கோபக் கதை. இதில் ராஜா ராணி கிடையாது, பேய் பிசாசு கிடையாது. ஒரு தையல் கடை, ஒரு மாமியார், ஒரு மருமகள், அந்த மருமகளின் கழுத்துக்குள்ளே மடங்கிக் கிடந்த ஒரு குழாய், அவ்வளவுதான். ஆனால் கேட்டு முடிக்கும்போது உங்களுக்கும் காது மடல் சூடாகவில்லை என்றால் என்னைக் கேளுங்க.

தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. அதற்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள் வீடு. கடைக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. கத்தரியம்மா கடை என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். துணி வெட்டுவதில் அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு கை. ஆள் உள்ளே நுழையும்போதே தோளைப் பார்த்து அளவு சொல்லிவிட்டு, பிறகு ஒரு மரியாதைக்கு நாடாவைப் போட்டுப் பார்ப்பாள். அவள் நாக்கையும் கத்தரியையும் ஒரே ஆள்தான் சாணை பிடிக்கிறான் என்று வாடிக்கைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவள் மகன் பித்தான் துளைக்குக் காஜா எடுப்பான், பித்தான் தைப்பான், தைத்து முடித்ததை மூட்டை கட்டி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பான். தெருவில் அவனுக்குக் காஜாக்காரர் என்று பெயர். தைக்கிற வேலை முழுக்க மருமகளுடையது.

மருமகளின் மிஷின் வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது, வெளிச்சம் ஊசிமேல் விழ வேண்டுமே. வெட்டு மேசை அவளுக்குப் பின்னால், இடது கைப் பக்கம். கத்தரியம்மா நாள் முழுக்க நிற்பது அந்த மேசையில்தான்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிற தையலில் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் தையல் கோணும், கோணினால் பிரிக்க வேண்டும், பிரித்த துணியில் ஊசித் தடம் போகாது. புதுப்பெண்ணாக வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே கத்தரியம்மா இதைச் சொல்லிவிட்டாள். அதனால் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் மருமகள் எப்படித் திரும்புவாள் தெரியுமா? கால் மிதியிலேயே இருக்கும், கை துணியிலேயே இருக்கும், இடுப்பு அசையாது. கழுத்து மட்டும் ஆந்தை திரும்புகிற மாதிரி முழுசாகத் திரும்பும். இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்க. கதையே இந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

ஒரு மத்தியானம். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் காலரைக் கொஞ்சம் பார் என்று பின்னாலிருந்து கத்தரியம்மா கூப்பிட்டாள். மருமகள் திரும்பினாள். திரும்பியதும் இடது கண்ணில், மேலிருந்து கீழாக, யாரோ கடை ஷட்டரை இறக்குவது போல ஓர் இருட்டு இறங்கியது. வலது கண்ணில் மேசை தெரிந்தது, அத்தை தெரிந்தாள். வலது கை மட்டும் அடுத்தவர் கை போல ஆகிவிட்டது. வர்றேன் அத்தை என்று சொல்ல நினைத்தாள். வார்த்தை உள்ளே இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுவரத்தான் வழி அகப்படவில்லை. துணி கையிலிருந்து நழுவியது, தையல் காலரைத் தாண்டிச் சட்டைமேல் ஓடியது.

பதறிப்போய் மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஷட்டர் மேலே ஏறியது. விரல்கள் திரும்ப அவளுடையவை ஆயின.

"காது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு அத்தை."

"கேட்டுச்சுன்னா ஏன் குத்துக்கல்லாட்டம் முழிச்சே?"

என்ன சொல்வாள் பாவம். தனக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கும் வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. வருகிறதெல்லாம் ஒரே மாதிரி. அத்தை கூப்பிடுவாள், இவள் திரும்புவாள், ஷட்டர் இறங்கும், நாக்கு பூட்டிக்கொள்ளும். வாசலில் நிற்கிற வாடிக்கைக்காரர் கூப்பிட்டால் வராது. வலது பக்கம் காஜாப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் புருஷன் கூப்பிட்டால் வராது. கிணற்றடியில் வராது, அடுப்படியில் வராது, படுக்கையில் வராது. அத்தை வாயைத் திறந்தால் மட்டும் வந்து நிற்கும்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்த நாத்தனார் ஒருநாள் வந்திருந்தாள். இவள் விழிப்பதைப் பார்த்தாள். அம்மா குரலுக்கென்றே ஒரு மயக்கம் செய்து வாங்கி வைத்திருக்கிறாளே என்று உதட்டைச் சுழித்தாள். அது போதாதா? தெருவெல்லாம் அதுவே பேச்சானது. பித்தான் வாங்க வந்தவர்கள்கூட, இன்றைக்கு மயக்கம் ஆயிற்றா இல்லை இனிமேல்தானா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதியை மிதித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக்கூட ஒரு தலைவலி சொல்லத் தெரியாத பெண் அவள். அவளைப் போய் நடிப்புக்காரி என்றால் வயிறு எரியாதா?

ஒருநாள் நடு வேலையில் அத்தை கூப்பிட்டுத் திரும்பியவள் முக்காலியிலிருந்து சரிந்து கீழேயே விழுந்துவிட்டாள். நெற்றியில் மிஷின் பலகை இடித்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் காஜாக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரி. வெள்ளை விளக்கு, வழுக்குகிற தரை, எண் கூப்பிடும் ஒலிபெருக்கி. டாக்டருக்கு வயது ஒன்றும் அதிகமில்லை. மருமகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு கண் மட்டும் இருட்டுகிறது என்றாள். அது இடது கண் என்றாள். பேச்சு வரவில்லை என்றாள். வலது கை விட்டுப்போகிறது என்றாள். அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த நேரம் பார்த்துப் புருஷன்காரன் உதவி செய்கிறேன் என்று நடுவில் புகுந்தான்.

"எங்கம்மா கூப்பிட்டா மட்டும்தான் டாக்டர் வருது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்க, அந்தச் சிரிப்பை மருமகள் சாகும்வரை மறக்கமாட்டாள். எல்லாம் புரிந்துவிட்டது என்கிற சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சண்டை வருமா, தூக்கம் வருகிறதா என்பதுதான். கண்ணைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, கையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று தலைக்கு ஒரு படம், கழுத்துக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

கழுத்து ஸ்கேன் எடுத்தவள் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண். மேலே பார், அசையாதே, இடது பக்கம் பார்க்க வேண்டும், முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிக்கொள் என்றாள். மருமகள் அப்படியே செய்தாள். குளிர்ந்த களிம்பும் அதன்மேல் ஒரு கருவியும் கழுத்தில் ஓடின. தூரத்தில் யாரோ துணி துவைப்பது போல உஷ், உஷ் என்று ரத்தம் போகிற சத்தம் கேட்டது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? இடது பக்கம் திரும்பினால் வருகிற கோளாறை, வலது பக்கம் திருப்பி வைத்துத் தேடினால் அது வந்து, இதோ இருக்கிறேன் என்று சொல்லுமா?

படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "உடம்புல ஒண்ணும் இல்லைம்மா. இது மனசு. மாமியார்கிட்ட ஒரு பயம், ஒரு கோபம், அதை வாயால சொல்ல முடியலை, உடம்பு சொல்லுது. மாத்திரை தர்றேன். கொஞ்ச நாள் அவங்ககிட்ட இருந்து தள்ளி இருங்க, தானா சரியாயிடும்."

எனக்கு எங்க அத்தைமேல பயமில்லை டாக்டர், ஒரு கண்ணு இருட்டுது என்று மறுபடி ஆரம்பித்தாள். மனசு என்னவெல்லாமோ செய்யும் என்று சொல்லிவிட்டு அவர் மணியை அமுக்கினார். அடுத்த எண் உள்ளே வந்தது.

மாத்திரை என்ன செய்தது தெரியுமா? தூங்க வைத்தது. சாப்பிட்டுக்கொண்டே தூங்கினாள், தைத்துக்கொண்டே தூங்கினாள். நூல் பிடித்தது போலத் தைக்கிற கை, பாம்பு ஊர்கிற மாதிரி தைத்தது. மயக்கம் மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் காஜாக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். சரியாகிற வரைக்கும் அவள் தன் அண்ணன் வீட்டில் போய் இருக்கட்டும், அதுவரை மிஷினில் அடுத்த தெருத் தங்கச்சி வந்து உட்காரட்டும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர். சில நேரம் அந்த மாதிரி ஆட்களால்தான் அதிகம் வலிக்கிறது.

மருமகள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "நான் இப்ப போனேன்னா நடிச்சதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என்னைத் தூக்கிப் போட்டாலும் போகமாட்டேன்."

எதற்காக உன்னைத் தள்ளி இருக்கச் சொல்கிறார்கள் என்று வெட்டு மேசையிலிருந்து கத்தரியம்மா கேட்டாள். அவளிடம் அதுவரை யாரும் முழு விவரம் சொல்லியிருக்கவில்லை. மகன் மென்று விழுங்கிச் சொன்னான். டாக்டர் சொன்ன மாமியார் பயம், கோபம், தள்ளி இருப்பது எல்லாம் வெளியே வந்தன.

கத்தரியம்மாவின் கையிலிருந்த, துணியில் கோடு போடுகிற சாக்குக் கட்டி பறந்து போய்ச் சுவரில் உடைந்தது. "என்னைப் பார்த்தா மனுஷங்க மயங்கி விழற மாதிரியாடா இருக்கு? வையறேன். எல்லாரையும்தான் வையறேன். உங்கப்பாவை வைததுக்கு அளவே கிடையாது. அந்த மனுஷன் ஒருநாளாவது மயங்கினாரா?"

அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ நடிக்கிறியா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு."

"நடிக்கத் தெரிஞ்சிருந்தா உங்க பிள்ளை போடற டீயை நல்லாயிருக்குன்னு சொல்லியிருப்பேன் அத்தை."

கத்தரியம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தோள் அகலம் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு மருமகள்மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீங்க. அவளுக்குப் பொங்கியது கோபம். கொடுமைக்கார மாமியார் என்று முகம் தெரியாத ஒருவன் தீர்ப்பு எழுதிவிட்டானே என்கிற கோபம். இவள் கோபம் ஒரு பக்கம், அவள் கோபம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டின, அதுதான் அந்த வீட்டின் அதிர்ஷ்டம்.

மிஷினில் உட்கார், தை என்றாள் கத்தரியம்மா. தான் போய் வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்தபடியே வைதாள். இருக்கிற வசவையெல்லாம் எடுத்து வைதாள், போகிற நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது. மருமகள் ஒழுங்காகத் தைத்துக்கொண்டே, கேட்கிறது அத்தை என்றாள். வலது பக்கம் போய் நின்று கூப்பிட்டாள். மருமகள் வலது பக்கம் திரும்பினாள். ஒன்றும் இல்லை. பிறகு தன் மேசைக்குப் போய், சாதாரணமாக, சண்டை எதுவும் இல்லாமல், இங்க பாரும்மா என்று மட்டும் சொன்னாள்.

மருமகள் திரும்பினாள். ஷட்டர் இறங்கியது. அவள் உதடு ஒரு பக்கமாக அசைவதையும் வலது கை பலகையிலிருந்து தொங்கிப்போவதையும் கத்தரியம்மா முதல் தடவையாக நின்று பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பார்த்தது பதில் சொல்லாத திமிரைத்தான்.

கத்தரியம்மா மகன் கையைப் பிடித்து இழுத்து, தான் நின்ற அதே இடத்தில் நிறுத்தினாள். இப்போது நீ கூப்பிடு என்றாள். மருமகள் தெளிந்து, தண்ணீர் குடித்து, தயார் என்று தலையாட்டிய பிறகு அவன் கூப்பிட்டான். பயந்த குரலில், பாசமாகத்தான் கூப்பிட்டான். அவள் திரும்பினாள். அதேதான். ஷட்டர், கை, நாக்கு, எல்லாம் அதேதான்.

"என் குரல் இல்லைடா," என்றாள் கத்தரியம்மா. அவள் சத்தமே அடங்கிப்போயிருந்தது. "நான் நிக்கிற இடம்."

மறுநாள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கூட்டரில் மூன்று பேர் போக முடியாதே, பஸ்ஸில் போனார்கள். நெரிசலில் மருமகளின் கழுத்து இடது பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று கத்தரியம்மா அந்தப் பக்கம் முழுக்கத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கிறபோதும் வாய் மட்டும் ஓயவில்லை, நடத்துனர் போட்டிருந்த சட்டையின் கைத் தையலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் இவர்களைப் பார்த்ததும், இவங்கதான் மாமியாரா என்று அதே சிரிப்பைச் சிரித்தார். கத்தரியம்மா நடந்ததைச் சொன்னாள். முன்னால் நின்றால் வரவில்லை, வலது பக்கம் நின்றால் வரவில்லை, இடது பின்பக்கம் நின்றால் யார் கூப்பிட்டாலும் வருகிறது என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்களா என்றார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று போன தடவையே சொன்னேனே என்றார். கத்தரியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த எண் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், தொலையட்டும் என்பது போல, திருப்தி ஆகிற மாதிரி இன்னொரு தடவை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று கையை வீசினார்.

ஸ்கேன் அறையில் அதே கண்ணாடிப் பெண். மருமகள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. போன தடவை அந்த இடது குழாயில் ஒரு வளைவு இருந்ததைப் பார்த்ததாகவும், பார்த்ததை மேலே இருக்கிறவரிடம் சொன்னதாகவும், நிறையப் பேருக்கு வளைந்துதான் இருக்கும், ரத்தம் ஓடுகிறதல்லவா, விடு என்று பதில் வந்ததாகவும் மெல்லச் சொன்னாள். கேட்டீங்களா கண்ணுகளா? பார்த்திருக்கிறார்கள். பார்த்தும் விட்டிருக்கிறார்கள்.

இந்தத் தடவை அவள் மருமகளைப் படுக்க வைக்கவில்லை. முக்காலியில் உட்கார வைத்தாள், மிஷின் முன்னால் உட்காருவது போலவே. கருவியைக் கழுத்தின் மேல்பகுதியில் வைத்தாள். உஷ், உஷ் என்று சத்தம் வந்தது. மெதுவாக இடது பக்கம் திரும்பு, ஏதாவது செய்தால் உடனே நேராகிவிடு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாள்.

மருமகளால் திரும்ப முடியவில்லை. இத்தனை நாள் அடிபட்ட கழுத்து அல்லவா, வேண்டுமென்று திருப்பச் சொன்னால் வருமா? பாதியில் நின்றுவிட்டது. பயத்தில் தோள் விறைத்துக்கொண்டது. இதுவும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் என் பேச்சை இனி யார் நம்புவார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. நோய் இருக்க வேண்டுமே என்று ஒருத்தி வேண்டிக்கொள்கிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள் பாருங்க.

கத்தரியம்மா சுவரோரமாக நடந்து அவளுக்கு இடது பின்பக்கம் போய் நின்றாள். கடையில் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே கூப்பிட்டாள்.

"இந்தா, இந்தக் காலரைப் பாரு."

கை மடியில் இருந்தபடி இருக்க, இடுப்பு அசையாமல் இருக்க, கழுத்து மட்டும் தானாகத் திரும்பியது. உஷ் என்கிற சத்தம் இளைத்தது. இன்னும் இளைத்தது. மூடிய கதவுக்குக் கீழே காற்று நுழைவது போலக் கீச்சென்று இழுத்துவிட்டு, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் ஆனது. திரையில் மலை மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு தரையோடு படுத்துவிட்டது. மருமகளின் வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. கண்ணாடிப் பெண் சட்டென்று அவள் முகத்தை நேராக்கிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் திரும்பி வந்தது.

இனிமேல் யாரும் வீட்டில் இப்படிச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று முதலில் திட்டினாள். பிறகு புரிகிற மாதிரி சொன்னாள். கழுத்தின் முன்பக்கம் இரண்டு புறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் ஒவ்வொன்று இருக்கிறது. அது நேராக மேலே ஏற வேண்டும். இவளுக்கு இடது பக்கக் குழாய் இருக்க வேண்டியதைவிட நீளமாக இருக்கிறது. இடம் போதாமல் வளைந்து கிடக்கிறது. நேராகப் பார்த்தால் வளைவு விரிந்திருக்கும், ரத்தம் எப்படியோ போய்விடும். இடது பக்கம் முழுசாகத் திரும்பினால் வளைவு ஒடிந்து மடங்கிக்கொள்கிறது, தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை யாரோ மடக்கிப் பிடித்த மாதிரி. அந்தக் குழாய்தான் இடது கண்ணுக்கும் போகிறது, மூளையின் இடது பக்கத்துக்கும் போகிறது. பேச்சும் வலது கையும் இருப்பது அந்தப் பக்கம். இவள் அன்றைக்கே சொன்ன மூன்றும் ஒன்றோடொன்று சேர்கிறது என்றாள்.

டாக்டரை அழைத்து வந்தார்கள். ஓடின படத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். அந்தச் சத்தம் இளைப்பதைக் கேட்டார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "இது ரொம்ப அரிதும்மா" என்றார்.

மருமகள் முக்காலியிலிருந்து எழுந்தாள். கழுத்தில் களிம்பு வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"அரிதுன்னா பொய்யா டாக்டர்?"

அவர் பேனாவை எடுத்துக் கோட்டுப் பையில் செருகினார். அவள் விடவில்லை.

"ஒரு கண்ணுன்னு சொன்னேன். இடதுன்னு சொன்னேன். வலது கைன்னு சொன்னேன். இவங்க இப்ப சொன்னதுல, நான் அன்னைக்குச் சொல்லாதது எது? எங்க அத்தை பேரைக் கேட்டதும் நீங்க பேனாவை வெச்சிட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொன்ன எதையும் நீங்க கேக்கலை."

கத்தரியம்மா அவர் அருகில் போய் நின்றாள். வைவாள் என்றுதான் மகன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் வையவில்லை. தான் கொடுமைக்காரி இல்லை என்று சொல்ல வேண்டாம், அது தெருவுக்கே தெரியும் என்றாள். இந்தப் பெண் சொன்னது நிஜம் என்று மட்டும் இவள் முகத்தைப் பார்த்து வாயால் சொல்லிவிடுங்கள், அதைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் போவோம் என்றாள். டாக்டர் தரையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"நீங்க சொன்னது நிஜம்தாம்மா. நான் சரியா கேட்டிருக்கணும்."

அவ்வளவுதான். வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மருமகளுக்கு அழுகை வந்தது. கத்தரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த டாக்டர் கோட்டில் வலது தோள் இறங்கிக் கிடந்ததைக் கவனித்தாயா, எவன் வெட்டினானோ என்றாள். அழுகையோடு அழுகையாக மருமகளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

அப்புறம் வேறொரு ஆஸ்பத்திரி, ரத்தக் குழாய்களுக்கென்றே இருக்கிற அறுவை வைத்தியர். அவர் வயதானவர், நிதானமானவர். வளைந்த குழாய்க்கெல்லாம் கத்தி தேவையில்லை, முக்கால்வாசிப் பேர் அதோடு சுகமாக வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள் என்றார். இவளுக்கு மறுபக்கத்திலிருந்து மூளையின் இந்தப் பக்கத்துக்கு வந்து கைகொடுக்க வேண்டிய துணைக் குழாய் மெலிசாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பாடு, விட்டுவைத்தால் ஒருநாள் பக்கவாதமாகவே முடியலாம் என்றார். அதிகப்படியாக இருக்கிற நீளத்தை வெட்டி எடுத்துவிட்டுக் குழாயை நேராக்கித் தைத்துவிடலாம் என்றார்.

வெட்டித் தைப்பது என்றதும் கத்தரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தையலுக்கு எவ்வளவு விடுவீங்க?"

வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, கேள்வி சரியான கேள்விதான் என்று ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து, எங்கே வெட்டுவார், எவ்வளவு மெல்லிய நூல், சுருக்கம் விழாமல் எப்படிச் சுற்றித் தைப்பார் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கத்தரியம்மா கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்து, கை நடுங்காதல்லவா என்று அவர் விரல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. இடது தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. அதைத் தொட்டுப் பார்த்த கத்தரியம்மா, மேல்தையல் பரவாயில்லை, உள்தையலும் இப்படியே இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மருமகள் வீடு திரும்பிய அன்று கடைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெட்டு மேசை பின்னால் இல்லை. மிஷினுக்கு எதிரே, வாசலோரமாகக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுத் தூக்க வைத்திருக்கிறாள் அந்த அம்மாள். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்பதால் தன் நிழலே துணிமேல் விழுகிறது என்று அன்றிலிருந்து நாள் முழுக்கப் புலம்பினாள். திரும்பப் பழைய இடத்தில் போட்டுவிடலாமா, இப்போதுதான் சரியாகிவிட்டதே என்று மகன் கேட்டபோது, உன் வேலையைப் பார் என்றாள். மன்னிப்பு என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் கடைச் சட்டம் மாறியது. யாராவது கூப்பிட்டால் துணியை விட்டுவிட்டு, உடம்போடு திரும்பு, கோணினால் கோணட்டும், பிரித்துக்கொள்ளலாம் என்றாள்.

நாத்தனார் பார்க்க வந்திருந்தாள். எப்படியோ சரியாகிவிட்டதே, அதுவரை சந்தோஷம் என்றாள். வெட்டு மேசை முன்பு இருந்த இடத்துக்குப் பெட்டியோடு மாறி உட்கார்ந்திருந்த காஜாக்காரரும் கூடச் சேர்ந்துகொண்டு, நீ முதலிலேயே இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார்.

மருமகள் மிதியை நிறுத்தினாள். துணியைக் கீழே வைத்தாள். முக்காலியோடு சேர்ந்து, முழு உடம்பாக, இடது பக்கம் அவரை நோக்கித் திரும்பினாள். கண்ணில் இருட்டு இல்லை. நாக்கில் பூட்டு இல்லை.

"அன்னைக்கும் இதையேதாங்க சொன்னேன். இதே வார்த்தையிலதான் சொன்னேன். அப்ப நீங்க தெருவைக் கேட்டீங்க, தங்கச்சியைக் கேட்டீங்க, டாக்டரைக் கேட்டீங்க. என்னைக் கேக்கலை."

கத்தரியம்மா எதிர் மேசையில் கத்தரியைத் துணிமேல் வைத்து ஒரே ஓட்டமாக வெட்டினாள். காஜாக்காரர் கையில் இருந்த பித்தானைப் பெட்டியில் போட்டார். பிறகு எழுந்து உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து அவள் பலகையில் வைத்தார். அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"நல்லா இல்லை," என்றாள்.

"சரி," என்றார் அவர். எடுத்துக்கொண்டு போய் வேறு போட்டுக்கொண்டு வந்தார்.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்க, கால் மரத்திருக்கும், மெல்ல எழுந்திருங்க. உங்க வீட்டில் யாருக்கும் கண்ணில் இருட்டு இறங்காமல் இருக்கட்டும். யாருடைய கையும் வேலை நடுவில் நழுவாமல் இருக்கட்டும். உங்க வீட்டு அடுப்பு எரியட்டும், மிஷின் ஓடட்டும், வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும். எனக்கு என்னவோ செய்கிறது என்று உங்களில் ஒருத்தர் சொன்னால், ஏன் என்று கேட்கிறதுக்கு முன்னால் எங்கே என்று கேட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிற ஒரு மனுஷி, ஒரு மனுஷன், உங்க வீட்டில் எப்போதும் குறையாமல் இருக்கட்டும். நல்லா இருங்க.